ஒரே கூண்டில் இரண்டு ஆண் கினிப்பன்றிகள்: சண்டையில்லாமல் சேர்ப்பது எப்படி?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பழைய மரச்சாமான், இரும்பு, பாத்திரம், செடி என்று நீளும் கடைகளுக்கு நடுவே புறா, லவ் பேர்ட்ஸ், முயல், கோழிக்குஞ்சு விற்பவர்களும் இருப்பார்கள். அங்கே கம்பிக் கூண்டுகளில் கினிப்பன்றிகளும் விற்பனைக்கு வரும். 'கினி பிக்' என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரு ஜோடி. குட்டி போட்டுப் பெருகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள், "ரெண்டும் ஆணாவே குடுங்க" என்பார்கள். ஒரு கூண்டிலிருந்து வெள்ளை, இன்னொரு கூண்டிலிருந்து பழுப்பு என நிறம் பார்த்து எடுத்து, ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சில நாளில் ஒன்றின் காது கிழிந்திருக்கும், இன்னொன்று மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கும். 'ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா, ஆணும் ஆணும் சேரவே சேராது' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த முடிவு பாதிதான் சரி. ஒரு தாய் வயிற்றில் பிறக்காத இரண்டு ஆண் கினிப்பன்றிகள் ஆயுள் முழுக்க ஒரே கூண்டில் ஒற்றுமையாக இருக்க முடியும். ஆனால் நிறம் பார்த்து எடுத்து ஒரே பெட்டியில் போடுவதால் அது நடக்காது.

மாடியில் முயல், புறாவோடு கினிப்பன்றியையும் வளர்த்துக் குட்டி விற்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய கேள்வி. இனப்பெருக்கத்துக்கு நான்கைந்து பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறையப் பாதி ஆண். விற்காமல் தங்கிவிட்ட ஆண்களை என்ன செய்வது? தனித்தனியாக அடைத்தால் இடமும் போதாது, விலங்குக்கும் நல்லதல்ல. கினிப்பன்றி கூட்டமாக வாழும் பிராணி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கிய இனம் இது. பெரு நாட்டுக் கிராமங்களில் இன்றும் அடுப்பங்கரைத் தரையில் கூட்டமாக ஓடித் திரியும். சுவிட்சர்லாந்தில் 2008-ல் நடைமுறைக்கு வந்த விலங்கு நல விதிகள், கினிப்பன்றியைத் துணையில்லாமல் ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்றே சொல்கின்றன.

முதலில் ஆண்தானா என்று பாருங்கள்

சந்தையில் 'ஆண்' என்று சொல்லிக் கொடுத்தது ஆணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. சின்னக் குட்டியில் பலருக்கும் தடுமாறும். குட்டியை மடியில் மல்லாக்கப் பிடித்து, பின்கால்களுக்கு நடுவே பாருங்கள். பெண்ணுக்கு 'ஒய்' வடிவத்தில் பிளவு இருக்கும். ஆணுக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு கோடு போலத் தெரியும். புள்ளிக்குச் சற்று மேலே வயிற்றுப் பக்கம் விரலால் மெதுவாக அழுத்தினால் ஆண்குறி வெளியே தெரியும். வாங்கும் இடத்திலேயே இதைப் பார்த்துவிடுங்கள். ஆணும் பெண்ணுமாக வாங்கி வந்துவிட்டால் இரண்டு மாதம் சொச்சத்தில் குட்டி வந்துவிடும். ஆண் குட்டி 3 வார வயதிலேயே இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடும் என்பதால், பண்ணையில் வளர்ப்பவர்கள் அந்த வயதில் ஆண்களைத் தாயிடமிருந்தும் அக்கா தங்கைகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும்.

ரத்த உறவை விட வளர்ப்பு முக்கியம்

'அண்ணன் தம்பியாக வாங்கினால் சண்டை வராது' என்று சந்தையில் சொல்வதுண்டு. கூடப் பிறந்தவை நான்கைந்து மாதம் வரை ஒற்றுமையாக இருந்துவிட்டு, அதன் பிறகு மோதிப் பிரிவதும் நடக்கிறது. ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாத ஆண்கள் நிம்மதியாகச் சேர்ந்து வாழ்வதும் நடக்கிறது. வித்தியாசம் எங்கே?

ஜெர்மனியில் விலங்கு நடத்தையை ஆராய்ந்த நார்பர்ட் சாக்சரும் கிறிஸ்டின் லிக்கும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. பெரிய கூட்டத்தில் மற்ற ஆண்களோடு வளர்ந்த ஆண் கினிப்பன்றி, அறிமுகமில்லாத ஆணைச் சந்திக்கும்போது பெரிய சண்டையில்லாமல் ஒத்துப்போய்விடுகிறது. வேறு ஆணையே பார்க்காமல் வளர்ந்த ஆணோ, புதிய ஆணைக் கண்டதும் கடுமையாக மோதுகிறது. அதன் உடலில் மன அழுத்த ஹார்மோனும் மிக அதிகமாக ஏறுகிறது. பருவ வயதில் பெரிய ஆண்களிடம் அடங்கி நடக்க, விலகிப் போக, விட்டுக்கொடுக்கப் பழகிக்கொள்கிறது என்பதுதான் விஷயம்.

வாங்குகிறவர்களும் வளர்க்கிறவர்களும் இதை வைத்தே செயல்படலாம். வாங்குகிறவர்கள் நிறத்தை விட்டுவிட்டு, கூண்டைச் சற்று நேரம் நின்று கவனியுங்கள். பல ஆண்களோடு கூட்டத்தில் வளர்ந்தது, காதிலும் முதுகிலும் கடித்தழும்பு இல்லாதது, பக்கத்தில் இன்னொன்று வந்து தின்றாலும் விரட்டாதது. அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டை அப்படியே வாங்கினால் இன்னும் நல்லது. வளர்க்கிறவர்கள் 3 வாரத்தில் பிரிக்கும் ஆண் குட்டிகளைத் தனியாக அடைக்காமல், சாதுவான வயது முதிர்ந்த ஓர் ஆணோடு விடுங்கள். அந்தப் பெரியவர் இரண்டு உறுமலில் கற்றுக்கொடுக்கும் பாடத்தை நாம் எத்தனை மாதம் முயன்றாலும் கற்றுக்கொடுக்க முடியாது.

வயதுப் பொருத்தமும் உண்டு. வளர்ந்த ஆணோடு 6 முதல் 10 வார வயதுள்ள ஆண் குட்டியைச் சேர்ப்பது இருப்பதிலேயே சுலபம். குட்டி தானாகவே அடங்கிப் போகும். இரண்டும் 4 மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள விடலைகளாக இருந்தால் சேர்ப்பது கடினம்; யார் பெரியவர் என்பதில் இரண்டுமே விட்டுக்கொடுக்காது. குட்டியாகச் சேர்த்தது விடலைப் பருவத்துக்கு வரும்போதும் ஒருமுறை உரசல் வரும். அந்த மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். எண்ணிக்கையில் இரண்டு ஆண்கள் என்பதே பாதுகாப்பானது. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் இரண்டு சேர்ந்து ஒன்றை ஒதுக்கிவிடும்.

கூண்டு சின்னதாக இருந்தால் எதுவும் பலிக்காது

சந்தையில் கினிப்பன்றியோடு சேர்த்து விற்கும் முயல் கூண்டு, இரண்டு ஆண்களுக்குப் போதவே போதாது. தோற்ற ஆணுக்கு விலகி ஓட இடம் இருந்தால் சண்டை விரட்டலோடு முடிந்துவிடும். ஓட இடமில்லாதபோதுதான் திரும்பிக் கடிக்கிறது. இரண்டு ஆண்களுக்குக் குறைந்தது 10 சதுர அடி தரை வேண்டும், அதாவது 5 அடி நீளம், 2 அடி அகலம். அதற்கு மேல் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அடுக்கு மாடிக் கூண்டில் மேல்தட்டுகளைக் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். கினிப்பன்றி ஓடுவது சமதரையில்தான். வெள்ளிக்கிழமைச் சந்தையிலேயே பழைய பிளைவுட், மேசைப் பலகை, கட்டில் சட்டம் கிடைக்கும். ஒரு தச்சரிடம் கொடுத்தால் ஓரடிக்குச் சற்று அதிகமான உயரத்தில் பக்கப் பலகை வைத்துத் தொட்டிபோல அடித்துத் தருவார். மேலே கம்பி வலை மூடி கட்டாயம். பூனை, பெருச்சாளி, காகம் மூன்றுக்குமே கினிப்பன்றி எளிய இரை.

தரை கம்பி வலையாக இருக்கக் கூடாது. கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். பலகைத் தரையில் உலர்ந்த வைக்கோலோ பழைய பருத்தித் துணியோ விரித்து மாற்றிக்கொண்டே வாருங்கள். நைசான மரத்தூள் மூச்சுக்கு ஆகாது.

உள்ளே எதுவுமே ஒன்றாக இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் இரண்டு, தீவனக் கிண்ணம் இரண்டு, புல் போடும் இடம் இரண்டு, அதுவும் எதிரெதிர் மூலைகளில். ஒளிந்துகொள்ளும் பெட்டியும் இரண்டு வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசலுள்ள பெட்டிக்குள் பெரியது புகுந்து மறித்தால் சின்னதுக்கு வெளியே வர வழியில்லை. அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டாலே போதும், காசு செலவில்லை.

பெண் கினிப்பன்றியின் வாசனை ஆண்களின் ஒற்றுமையைக் கலைத்துவிடும். மாடியில் பெண்கள் கூண்டு இருந்தால் ஆண்கள் கூண்டை வேறு அறையில், காற்று அடிக்கும் பக்கம் பார்த்து வையுங்கள். பெண்ணைக் கையாண்ட அதே கையோடு ஆண்களைத் தொடாதீர்கள். இனச்சேர்க்கைக்கு விட்ட ஆணைத் திரும்பக் கொண்டுவந்து பழைய துணையோடு விடுவதும் ஆபத்து. நேற்று வரை கூட்டாளிகளாக இருந்த இரண்டும் அன்றே முட்டிக்கொள்ளலாம்.

முயலோடு ஒரே கூண்டில் விடுவதையும் நிறுத்த வேண்டும். நோயில்லாததுபோல் இருக்கும் முயலின் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா, கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரும்.

சேர்க்கும் முறை

சந்தையிலிருந்து வந்ததை நேரடியாகப் பழையதோடு விடாதீர்கள். 2 வாரம் வேறு அறையில் தனியாக வைத்துத் தும்மல், கண்ணில் நீர், முடி உதிர்வு, சொறி இருக்கிறதா என்று பாருங்கள். சொறியும் பேனும் கூண்டுக்குக் கூண்டு தாவும். அதன் பிறகு இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் வைத்து, நடுவே கம்பி வலை இருக்கும்படி சில நாள் விடுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் கூண்டில் மாற்றி மாற்றிப் போடுங்கள். வாசனை பழகட்டும்.

சேர்க்கும் நாளுக்கு இரண்டுமே முன்பு மிதிக்காத இடம் வேண்டும். ஒன்றின் கூண்டுக்குள் மற்றதை விட்டால் அது விருந்தாளியாக இருக்காது, எல்லை தாண்டி வந்த எதிரியாகவே இருக்கும். வீட்டுக் கூடத்தின் ஒரு மூலை போதும். பலகை வைத்து 15, 20 சதுர அடி மறித்து, நடுவே புல்லையும் கொத்தமல்லித் தழையையும் குவியலாகப் போடுங்கள். வாசல் வெட்டிய அட்டைப்பெட்டிகளையும் வையுங்கள். காலை வெயில் ஏறும் முன் ஆரம்பித்து, உங்களுக்கு வேறு வேலையில்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுப் பிரிப்பது இங்கேதான். ஒன்றையொன்று முகர்வது, பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே 'குர்ர்ர்' என்று உறுமியபடி சுற்றி வருவது, ஏறுவது, விரட்டுவது, தாடையை மேலே தூக்கி யார் உயரம் என்று பார்ப்பது, இவை எல்லாம் பேச்சுவார்த்தை. இவற்றுக்குப் பயந்து பிரித்தால் அடுத்த முறை முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாளுக்கு நாலு முறை சேர்ப்பதும் பிரிப்பதும் நீங்களே சண்டையை வளர்ப்பதற்குச் சமம்.

நீங்கள் எச்சரிக்கையாக வேண்டிய அறிகுறிகள் வேறு. பல்லைத் தொடர்ந்து 'கடகட' வென்று கடிப்பது, பிடரி முடி சிலிர்த்து நிற்பது, பல் தெரியக் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறப்பது. இந்த நிலையில் ஒரு முறத்தையோ அட்டையையோ நடுவில் நீட்டிக் கவனத்தைத் திருப்புங்கள். கூடுதலாகப் புல் போடுங்கள். அப்படியும் அடங்காமல் இரண்டும் பாய்ந்து பந்துபோல் உருண்டு கட்டிப் புரண்டால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். உடனே தடித்த துண்டை மேலே போட்டுப் பிரியுங்கள். வெறுங்கையை விடாதீர்கள், கினிப்பன்றியின் முன்பல் விரலில் ஆழமாக இறங்கும். ஆழமான காயம் பட்டு ரத்தம் வந்த ஜோடியை மறுபடி சேர்க்க முயல்வதில் பலனில்லை என்பதே என் கருத்து.

இரண்டும் ஒரே குவியலில் தின்று, ஒன்று படுத்தால் மற்றதும் படுக்க ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. அதன் பிறகு கூண்டுக்குக் கொண்டுபோகலாம். கூண்டை வினிகர் கலந்த தண்ணீரில் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, புதிய விரிப்பு போட்டிருக்க வேண்டும். பழைய வாசனை துளியும் இருக்கக் கூடாது. முதல் 2 வாரம் விரட்டலும் உறுமலும் இருந்துகொண்டே இருக்கும். இந்த நாட்களில் தராசில் எடை பாருங்கள், வாரம் இரண்டு முறை. வெளியில் காயமே இல்லாமல் ஒன்று மட்டும் தொடர்ந்து எடை குறைந்தால், அதை மற்றது தின்னவிடாமல் தடுக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சண்டையைக் காட்டிக்கொடுப்பது தராசுதான்.

கடிபட்டால் கைவைத்தியம் வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கடிக்காயம் வெளியே ஆறியதுபோல் இருக்கும். உள்ளே சீழ் கோத்துக் கட்டியாகும். வீட்டில் மீதமிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையையோ சிரப்பையோ கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு உண்டாகிச் சில நாளில் இறந்துபோகலாம். நாய்க்கும் மாட்டுக்கும் சரியான மருந்து இதற்கு விஷமாகிறது. காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அருகில் அப்படி யாரும் கிடைக்காவிட்டால் வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கடற்கரை ரயிலில் எழும்பூர் வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

காயம் ஆற வைட்டமின் சி வேண்டும். மனிதரைப் போலவே கினிப்பன்றியும் அதை உடலில் தயாரித்துக்கொள்ளாது. கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. முயல் தீவனத்தில் இதைச் சேர்ப்பதில்லை, எனவே முயல் தீவனத்தை மட்டும் போட்டு வளர்க்க முடியாது. குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லி, கொஞ்சம் கொய்யா கொடுங்கள். அடிப்படை உணவு எப்போதும் புல்தான். அருகம்புல்லும் நறுக்கிய தீவனப்புல்லும் நாள் முழுக்க இருக்க வேண்டும். சூபாபுல் தழை வேண்டாம். அதிலுள்ள மிமோசின் முடியை உதிர்க்கும்.

கத்திரி வெயிலில் புதிய ஜோடி வேண்டாம்

கினிப்பன்றிக்கு 18 முதல் 24 டிகிரி வரைதான் சுகம். 30 டிகிரியைத் தாண்டினாலே வெப்பத் தாக்குதல் வரலாம். மே மாதத்தில் பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த அறையில் கூண்டு வைக்கவே கூடாது. தரைத்தளத்தில், காற்றோட்டமான நிழலில் வையுங்கள். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். அதுவும் இரண்டு வைக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றே ஒன்று இருந்தால் பெரியது அதைப் பிடித்துக்கொள்ளும், அடங்கிய ஆண் வெயிலில் துவண்டுபோகும். புதிதாகச் சேர்க்க நினைப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் சேர்த்துவிட்டால் கோடைக்கு முன் அவை பழகிவிடும். தீபாவளி வாரத்திலும் தவிர்ப்பது நல்லது. வெடிச்சத்தத்தில் மிரண்ட இரண்டு ஆண்களை அறிமுகப்படுத்துவது யாருக்கும் நல்லதல்ல.

சேரவே இல்லையென்றால்

சில ஆண்கள் யாரோடும் சேராது. தனியாகவே வளர்ந்து விடலைப் பருவம் தாண்டியவை பெரும்பாலும் இப்படித்தான். காயடித்தால் சாதுவாகிவிடுமா என்று கேட்பார்கள். ஏற்கெனவே பகையாகிவிட்ட இரண்டு ஆண்களை அது சமாதானப்படுத்தும் என்று நம்ப முடியாது. ஆனால் காயடித்த ஆணைப் பெண்களோடு விடலாம். பெரும்பாலும் நல்ல துணையாகும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் 6 வாரம் வரை சினை பிடிக்க வைக்கும் திறன் மிச்சமிருக்கலாம், அதுவரை பெண்களிடமிருந்து தள்ளி வையுங்கள். அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்கள், 10 சதுர அடிக் கூண்டை இன்னும் பெரிதாக்கி, நடுவே கம்பி வலைத் தடுப்பு போட்டு இரண்டையும் இருபுறமும் விடலாம். ஒன்றையொன்று பார்க்கும், முகரும், தடுப்போரம் ஒரே நேரத்தில் புல் தின்னும், கடிக்க மட்டும் முடியாது. தடுப்பின் கண்ணி மூக்கு நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடைவெளியிலேயே உதட்டைக் கடித்துவிடும்.